அகிலாவுக்குப் பிடித்த சொல்

9 ஜூன் 2024, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. இந்தத் தீவு முழுக்க விட்டுவிட்டு டாலிகஞ்சில் எங்கள் தெருவுக்கு மட்டும் தனியாக ஒரு மேகம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ என்னவோ.

காலையில் ஷெர்லின் என் மகள் அகிலாவின் புதுக் கட்டுரையை ஃபோனில் அனுப்பியிருந்தாள். ஷெர்லின் சாத்தம் ஜெட்டியில், ஃபெரி கிளம்புகிற படகுத்துறையில், எனக்குப் பக்கத்துக் கவுண்ட்டர். அக்கரையில் பாம்பூஃப்ளாட் போகிற ஆட்களுக்கு நான் டிக்கெட் கொடுக்கிறேன், வண்டிகளுக்கு அவள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டெல்லியில் என் மகள் எழுதுகிற பத்திரிகையைச் சந்தா கட்டினால்தான் படிக்க முடியும். ஷெர்லின் கட்டியிருக்கிறாள், எனக்கும் அனுப்பி வைக்கிறாள்.

ஏதோ ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரை. டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். அகிலா எழுதியது என்றால், புரிகிறதோ இல்லையோ, கடைசி வரி வரை போய்விட வேண்டும் எனக்கு. அந்த ஓவியரின் நிறங்கள் 'குவயட்' என்று எழுதியிருக்கிறாள். நிறம் எங்கே சத்தம் போட்டது? குவயட் என்றால் வாயை மூடு என்றுதான் எனக்குத் தெரியும். நான் படித்த கட்சால் தீவுப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் என்னைப் பார்த்து மட்டும் தினம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

ஆனால் இவள் பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறாள். அது புரிந்தது.

சாயங்காலம் அகிலா கூப்பிட்டாள். கடையில் சுறா வந்ததையும், வங்காளிக்காரன் எடையில் ஏமாற்றப் பார்த்ததையும், நான் விட்ட டோஸையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், "அம்மா, ஒரு வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்" என்றாள். அப்புறம் என்றால் அடுத்த ஞாயிறு.

16 ஜூன்

"கொஞ்சம் மெதுவா பேசேன்மா, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க" என்றாள். மெதுவாகத்தான் பேசினேன். என் மெதுவே அவ்வளவுதான்.

30 ஜூன், ஞாயிறு

இந்த முறை நாடகம். ஒரு நடிகையின் குவயட்டான கோபம் அரங்கத்தையே கட்டிப்போட்டதாம். கோபத்தில் என்ன குவயட்டான கோபம்? எனக்கு வந்தால் அக்கரையில் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

ஷெர்லினிடம் கேட்டேன். "அக்கா, இப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதுதாவ. நல்ல நடிப்பு, ஆனா அலட்டல் இல்லன்னு அர்த்தம். சினிமாவுக்கும் அதான், கவிதைக்கும் அதான். அலட்டினா அவுகளுக்குப் பிடிக்காது" என்றாள்.

அலட்டினால் பிடிக்காது. சரி.

18 ஜூலை, வியாழன்

அகிலாவுக்குக் கலைப் பக்கத்தோடு அரசியலும் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். இனிமேல் நடிகை கோபம், ஓவியர் நிறம் என்று இல்லாமல் பொட்டில் அடித்த மாதிரி எழுதுவாள் என்று நினைத்தேன். எங்கே! ஒரு மந்திரி பதவியிலிருந்து இறங்கியிருக்கிறான், அது குவயட்டான விலகல். ஓர் ஊரில் ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து எம்.பி.யைத் தோற்கடித்திருக்கிறார்கள், அது குவயட்டான புரட்சி. ஒரு கட்சித் தலைவருக்குக் குவயட்டான நம்பிக்கை இருக்கிறதாம். இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க ஆளில்லை.

ரோட்டோரக் கடையில் சவ்மீனிலும் ஃப்ரைட் ரைஸிலும் சூப்பிலும் ஒரே அஜினோமோட்டோவைத் தூவுகிற மாதிரி இருக்கிறது. ஷெர்லினிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்துவிட்டேன். பிடிக்காத ஆளுக்கு அந்தச் சொல்லை அவள் கொடுப்பதே இல்லை. பிடிக்காதவர்கள் எல்லாம் கத்துகிறார்கள், முழங்குகிறார்கள், இரைகிறார்கள்.

21 ஜூலை

கூப்பிடவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

கூப்பிட்டாள். நான்கு வார்த்தை. வைத்துவிட்டாள்.

அவளைப் பார்க்க வேண்டும் எனக்கு. அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டாம். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவாள், நான் திட்ட வேண்டும். ஃபெரியில் யாராவது அம்மாவும் மகளும் ஒட்டிக்கொண்டு போனால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால், "புள்ள நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன" என்பார்கள். நல்லா இருக்கிறாள். எங்கேயோ நல்லா இருக்கிறாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஜனவரியில் லீவுக்கு வந்துவிட்டு அவள் கிளம்பிப் போன நாளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கூட வேலை பார்க்கிற உதயா என்ற பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பத்து நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஏர்போர்ட்டில் இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கிருந்தே கத்தினேன்: "அகிலா! கருவாட்டு டப்பாவை ப்ளேன்ல தொறந்துராத, நாறும்! போனதும் வெயில்ல வையி!" ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரன் பார்த்தான். உதயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அகிலா திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதானே ஃபோன் பேச்சு சுருங்கியது? கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

17 ஆகஸ்ட், சனி

வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபமா, என்ன இழவென்று தெரியவில்லை.

அந்தப் பத்திரிகையில் அவரவர் பிறந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அகிலா எங்களைப் பற்றி எழுதியிருக்கிறாள். கட்சாலில் ரப்பர் தோட்டம், இலங்கையிலிருந்து அங்கே வந்து இறங்கிய என் அப்பா அம்மா, சுனாமி அலையில் போன அவள் அப்பா ஈஸ்வரன், எல்லாம் இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷெர்லின் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் பாராவில் நான் வந்தேன். 'என் அம்மா குவயட்டான பெண். அவளுடைய குவயட்டான உறுதிதான் என்னை வளர்த்தது.'

ஷெர்லினுக்குப் புரையேறிவிட்டது. "சேசுவே! அக்கா, இது எந்த அம்மா? ஒங்க மவளுக்கு ரெண்டு அம்மையா?" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜெட்டியில் மைக் இருந்தும் அதைக் கையில் எடுக்காத ஒரே ஆள் நான். "பாம்பூஃப்ளாட்! பாம்பூஃப்ளாட்! சலோ, ஜல்தி!" என்று நான் விடுகிற குரலில் தூங்குகிறவன் எழுந்து வந்து டிக்கெட் வாங்குவான். சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

யார் அந்தப் பொம்பளை? நான் இல்லை. பிடித்த ஓவியத்துக்கு, பிடித்த நடிகைக்கு, மதிக்கிற தலைவருக்குக் கொடுக்கிற சொல்லை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கு இருக்கிற அம்மாவை எழுதவில்லை. வேண்டியிருந்த அம்மாவை எழுதியிருக்கிறாள்.

சரி. வேண்டும் என்றால் ஆகிவிட்டுப் போகிறேன். அதில் என்ன பெரிய கஷ்டம்?

18 ஆகஸ்ட், ஞாயிறு

கஷ்டம்தான்.

"சாப்டியாம்மா?" என்றாள் அகிலா.

"ம்."

"என்னா சாப்ட்ட?"

"சோறு."

"சோறுன்னா? கொழம்பு என்னா?"

இந்த இடத்தில் வழக்கமாக நான் மீன் மார்க்கெட்டில் தொடங்கி, யார் யாரைப் பார்த்தேன், யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்பது வரை போவேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மீன்" என்றேன்.

"கட்டுரையைப் படிச்சியா?"

"படிச்சேன். நல்லா இருந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் கண்ணு."

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். டெல்லியில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. "சரிம்மா" என்று வைத்தாள். வைத்த பிறகு குழம்பு வைத்த கதை முழுவதையும் சமையலறைச் சுவரிடம் சொல்லி முடித்தேன். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும்.

ஆனால் ஒன்று: இன்றைக்கு அவள் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

1 செப்டம்பர்

இன்றும் அப்படியே. பழகிவிடும்.

9 செப்டம்பர், திங்கள்

ஞாயிற்றுக்கிழமை அடக்கியதெல்லாம் திங்கட்கிழமை கவுண்ட்டரில் கொட்டுகிறது. "அரே பாயீ, லைன் மே ஆவோ!" என்று ஒரு போடு போட்டேன். பாவம், அவன் ஏற்கெனவே லைனில்தான் நின்றான். "தீதி ஆஜ் பஹுத் குஸ்ஸே மே" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தான். ஆமாம், கோபம்தான். குவயட்டான கோபம் இல்லை, நல்ல சத்தமான கோபம். டெல்லி வரைக்கும் கேட்காது என்பதுதான் குறை.

15 செப்டம்பர், ஞாயிறு

முன்பெல்லாம் அவள் கட்டுரையைப் பெருமைக்காகப் படித்தேன். இப்போது பள்ளிக்கூடப் பாடம் மாதிரிப் படிக்கிறேன். ஒரு பாடகியைப் பற்றி எழுதியிருக்கிறாள்: பாட்டை விட அவர் பாடாமல் விட்ட இடங்கள்தான் அழகாம். அப்படியா பாப்பா? நானும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாரம் முழுக்க நடந்ததை விட்டுவிடுகிறேன். 'எப்போ வருவே' என்பதை விட்டுவிடுகிறேன். 'ஒன்ன பாக்கணும் போல இருக்கு' என்பதை விட்டுவிடுகிறேன். அழகாக இருக்கிறதா?

22 செப்டம்பர்

"அம்மா, கோவமா?" என்று மெசேஜ். இல்லை என்று பதில் போட்டேன். ஒரு சொல்.

6 அக்டோபர், ஞாயிறு

இன்று வழக்கத்துக்கு விரோதமாக இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தடவை, "தண்ணி குடிக்கையில தொண்ட வலிக்குதா?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது? இல்லை என்றேன். "வாயத் தொறந்து நாலு வார்த்த பேசேன்" என்றாள். என்ன பேச என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. டெல்லியில் குளிர் ஆரம்பித்துவிட்டது போல.

10 அக்டோபர், வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலை ஃபெரிக்குக் கூட்டம் அள்ளியது. ஒருத்தன் ஸ்கூட்டரை ஆட்கள் ஏறுகிற வழியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, 'ஏக் மினிட், ஏக் மினிட்' என்று பல் இளிக்கிறான். எழுந்து நின்று அவனை ஒரு பிடி பிடித்தேன். தமிழில் ஆரம்பித்து, ஹிந்தியில் போய், அவன் தெலுங்குக்காரன் என்று தெரிந்ததும் தெலுங்கிலும் இரண்டு சேர்த்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஷெர்லின் கண்ணாடி ஓட்டை வழியாகத் தன் ஃபோனை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஃபோனில் அகிலா.

"பேசுங்க அக்கா" என்றாள் ஷெர்லின். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் தீவில், கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கிற பிள்ளைகளிடம் உடம்புக்கு முடியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார்கள், டிக்கெட் விற்கிற விலைக்குப் பாவம் என்று மறைத்துவிடுவோம். ஷெர்லினுடைய பெரியம்மா செல்வம்மாள் அப்படித்தான் கேன்சரை மறைத்து மறைத்து, ஃபோனில் பேசுவதைக் குறைத்துக் குறைத்து, மகன் வந்து பார்த்தபோது ஆளே அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதையெல்லாம் அகிலாவுக்குத் தெரியும். இரண்டு மாதமாக நான் ஒற்றைச் சொல்லில் பேசியதும் அவள் முடிவே கட்டிவிட்டாள். எனக்குத் தொண்டையில் ஏதோ வந்திருக்கிறது, மறைக்கிறேன் என்று. ஷெர்லினைக் கூப்பிட்டு, எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று அழுதிருக்கிறாள். "ஒங்க அம்மா தொண்டையா? நீயே கேளு" என்று ஷெர்லின் நான் கத்துகிற பக்கம் ஃபோனைப் பிடித்திருக்கிறாள்.

"தொண்டையெல்லாம் கிண்ணுன்னு இருக்கு" என்றாள் அகிலா. அழுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியாத குரல். "ஊருக்கே பேசுற. எங்கிட்ட மட்டும் ஏம்மா பேச மாட்டேங்குற?"

"நீதான புள்ள எழுதுன!"

"என்னா எழுதுனேன்?"

"குவயட்டுன்னு! ஒனக்குப் பிடிச்சவங்க எல்லாம் குவயட்டு! எனக்கும் போட்ட. நான் அப்படியா இருக்கேன்? அப்படி இருக்கணும்னுதான சொல்லாம சொன்ன? ஏர்ப்போட்டுல கத்துனேன்னு மானம் போச்சு ஒனக்கு, திரும்பிக்கூடப் பாக்கல!"

கவுண்ட்டர் முன்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஒருத்தனும் டிக்கெட் கேட்கவில்லை.

அகிலா சொன்னாள். "அழுதுட்டு இருந்தேம்மா. அதான் திரும்பல. திரும்பியிருந்தா ப்ளேன் ஏறியிருக்க மாட்டேன்."

நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்த வார்த்தைக்கு ஒரு மண்ணும் அர்த்தம் இல்லம்மா. என்ன எழுதுறதுன்னு தெரியாதப்ப நாங்க போட்டுக்கறது. படத்துக்கும் போடலாம், மந்திரிக்கும் போடலாம். படிச்சவங்க மாதிரி இருக்கும், ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒன்னப் பத்தி எத்தனையோ தடவ எழுதிப் பாத்தேன். ஒன் சத்தம் வரவேல்ல. நீ பேசுறத இங்கிலீஷ்ல போட்டா யாரோ பேசுற மாதிரி இருக்கு. எடிட்டர் வேற கேட்டுட்டே இருந்தாரு. அந்த வார்த்தயப் போட்டு முடிச்சிட்டேன். எனக்கு ஒன்ன எழுத வரலம்மா."

"எழுத வரலன்னா விட்டுட வேண்டியதுதான? ஊமச்சி மாதிரி ஆக்கி வச்சிருக்க!"

"கத்து" என்றாள். "இன்னும் கொஞ்சம் கத்து."

கத்தினேன். ஷெர்லின் எனக்கும் சேர்த்து டிக்கெட் கொடுத்தாள்.

13 அக்டோபர், ஞாயிறு

இரண்டு மாதப் பாக்கியை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தேன். "மெதுவா" என்று ஒரு தடவை சொன்னாள். "முடியாது போ" என்றேன்.

25 அக்டோபர், வெள்ளி

தீபாவளிக்கு வா என்றேன். முதல் தடவையாக வாய் விட்டுக் கேட்டேன். "வா புள்ள, ஒன்னப் பாக்கணும்." ஏதோ மாநிலத்தில் தேர்தலாம், லீவு இல்லையாம். "பாக்கறேம்மா" என்றாள். பார்க்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம், அது எந்த ஊரிலும் அதுதான்.

கேட்டதால் ஏக்கம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஆனால் இப்போது எனக்கு மட்டும் தெரிந்த ஏக்கமாக இல்லை, அது கொஞ்சம் தேவலை.

31 அக்டோபர்

தீபாவளி. ஷெர்லின் வீட்டுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

10 நவம்பர், ஞாயிறு

புதுக் கட்டுரை. அந்தச் சொல் இதிலும் ஓர் இடத்தில் வருகிறது. போகட்டும், அவளுக்கும் ஆயிரம் அவசரம் இருக்கும்.

17 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் கூப்பிட்டாள். தேர்தல் வேலையில் ஊர் ஊராக அலைந்துவிட்டு இன்றுதான் அறைக்கு வந்தாளாம். சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிறதாம்.

"என்னா விசயம்?" என்றேன்.

"ஒன்னுமில்லம்மா. நீ பேசு."

"என்னா பேச?"

"என்னமாச்சும் பேசு. ஃபோன வைக்காத."

பேசினேன். தண்ணீர் டேங்கர் மூன்று நாளாக வராதது, பக்கத்து வீட்டு யோகராஜ் புது மோட்டார் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் தண்ணீர் தருகிறேன் என்று பீற்றிக்கொள்வது, கட்சாலிலிருந்து வந்த கப்பலில் யாரோ இளநீர் கொடுத்துவிட்டது, அதை வெட்ட அரிவாள் இல்லாமல் தெரு முழுக்க அலைந்தது. முதலில் "ம்" என்றாள். அப்புறம் "ம்" கொட்டுவதும் நின்றுவிட்டது. "ஏய், கேக்குறியா?" என்றேன். பதில் இல்லை. காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

அலை வந்த அந்த வருஷம் கேம்ப்பில் ஒரு கூடாரத்துக்குள் எத்தனையோ குடும்பம். எல்லாப் பக்கமும் அழுகை. இவளுக்கு அப்போது ஐந்து வயது. நான் பேசிக்கொண்டே இருந்தால்தான் தூங்குவாள். பேச விஷயம் தீர்ந்துபோய்க் கப்பல் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். நிறுத்தினால் கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள்.

அதனால் ஃபோனை வைக்கவில்லை. இளநீர்க் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். குரலையும் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் விழித்துக்கொள்வாள்.